சுகர் உள்ளவர்கள் ஜிம்முக்குப் போகலாமா?

சுகர் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து நம் ஊரில் ஒருவருக்குக் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "தினமும் நடங்க." மருத்துவர் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், மருந்துக் கடைக்காரரும் சொல்வார். விடியற்காலையில் மெரினாவிலும் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் எந்தச் சின்ன ஊரின் பள்ளி மைதானத்திலும் அப்படி நடக்கிறவர்களைப் பார்க்கலாம். நடப்பது நல்லதுதான், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் "கொஞ்சம் வெயிட் தூக்குங்க" என்று அவர்களிடம் சொல்கிறவர்கள் மிகக் குறைவு. ஐம்பத்தைந்து வயது அம்மாவை ஜிம்மில் சேர்க்கலாமா என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் சிரித்துவிடுவார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பால் நாம் இழப்பது கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் நிலவரம். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்றது அது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நோய் இருக்கிறது. அதே ஆய்வுத் திட்டத்தின் இன்னொரு பகுதி 2014-ல் வந்தது. ஓய்வு நேரத்தில் விளையாட்டாகவோ பயிற்சியாகவோ உடம்பை அசைக்கிறவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை என்று அதில் தெரிந்தது. 2024-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழ் உலக நாடுகளை ஒப்பிட்டு ஒரு கணக்குப் போட்டது. அதன்படி இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தேவையான அளவு உடலுழைப்பு இல்லை. ஆண்களில் இது 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். காலையிலிருந்து இரவு வரை வீட்டில் ஓயாமல் வேலை செய்கிறவர்கள் என்று நாம் நினைக்கும் பெண்கள்தான் இந்தக் கணக்கில் பின்தங்கி நிற்கிறார்கள். வீட்டு வேலை ஆளைக் களைக்க வைக்கும். இதயத்துக்கும் தசைக்கும் வேண்டிய அழுத்தத்தை அது பெரும்பாலும் தருவதில்லை.

நம் உடம்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2004-ல் 'லான்செட்' இதழில் ஒரு புகைப்படம் வெளியானது. இரண்டு மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் அருகருகே இருக்கிறார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் பிரிட்டனின் ஜான் யுட்கின். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. அளவு இருவருக்கும் ஒன்றே, 22.3. இரண்டு பேருமே ஒல்லி. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதமும் யாக்னிக்குக்கு 21.2 சதவீதமும் இருந்தது. நம்மில் பலருடைய உடல்வாகு இதுதான். கை கால் ஒல்லியாக இருக்கும், சட்டைக்குள் சின்னதாக ஒரு தொப்பை, தசை குறைவு, கொழுப்பு அதிகம். கண்ணாடியில் பார்த்தால் குண்டு இல்லை. ரத்தப் பரிசோதனை வேறு கதை சொல்லும். "நான் ஒல்லிதானே, எனக்கு எதுக்கு ஜிம்?" என்று கேட்பவருக்கான பதில் அந்தப் படத்திலேயே இருக்கிறது.

தசை ஏன் இவ்வளவு முக்கியம்? சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இன்சுலின் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று பார்த்தால், பெரும்பகுதி எலும்போடு ஒட்டிய தசைக்குத்தான் போகிறது. தசையை உடம்பின் சர்க்கரைக் கிடங்கு என்று சொல்லலாம். கிடங்கு சிறியதாக இருந்தால், அல்லது வேலையே இல்லாமல் ஏற்கெனவே நிரம்பிக் கிடந்தால், வந்த சரக்கு தெருவிலேதான் நிற்கும். ரத்தத்தில் சர்க்கரை தேங்குவது அப்படித்தான். பயிற்சி செய்யும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. தசை சுருங்கி விரியும் நேரத்தில், இன்சுலினின் தயவு இல்லாமலே அது ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் இன்சுலினுக்கு அது நன்றாக இணங்குகிறது. இந்த இரண்டும் நடையிலும் கிடைக்கும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, தசையே பெருகி வலுப்பது. அதற்குப் பளு வேண்டும், அந்தப் பளு காலப்போக்கில் கூடிக்கொண்டே போகவும் வேண்டும். நடை அதைத் தருவதில்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் சர்க்கரை நோயுள்ள 251 பேரை வைத்து நடந்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. நடை, சைக்கிள் போன்ற மூச்சுவாங்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குப் பலன் இருந்தது. பளுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் இருந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, அதாவது எச்.பி.ஏ.1சி., மற்ற இரு குழுக்களையும்விட நன்றாக இறங்கியது. 2023-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அவர்கள் தேர்ந்தெடுத்தது குண்டாக இல்லாத சர்க்கரை நோயாளிகளை, பி.எம்.ஐ. 25-க்குக் கீழே உள்ளவர்களை. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது மூச்சுவாங்கும் பயிற்சி செய்தவர்களைவிடப் பளு தூக்கியவர்களுக்குச் சர்க்கரை அதிகமாக இறங்கியிருந்தது. ஒல்லியான உடம்பில் வரும் சர்க்கரைக்குத் தசைக் குறைவு ஒரு முக்கியக் காரணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கஷ்டம்.

வயதாகிவிட்டதே என்பவர்களுக்கு 1990-ல் பாஸ்டன் நகரிலிருந்து வந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். முதியோர் இல்லத்தில் தங்கியிருந்த பத்துப் பேர் அதில் சேர்ந்தார்கள். சராசரி வயது 90. எட்டு வாரம் கால்களுக்குக் கடுமையான பளுப் பயிற்சி தந்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொண்ணூறு வயதிலும் தசை பயிற்சிக்கு மசிகிறது என்றால் ஐம்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். முப்பதைத் தாண்டியதும் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்குகிறது, அறுபதுக்குப் பிறகு அது வேகம் பிடிக்கிறது. தரையிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியாமல் போவது, பஸ் படியில் கால் தடுமாறுவது, குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிவது என்று வயதானவர்களின் வாழ்க்கையைச் சுருக்கிவிடும் பல சம்பவங்களின் பின்னால் இந்தத் தசை இழப்பு இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்ற வரி எல்லோருக்கும் தெரியும். அதற்கடுத்து, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் உடம்பின் பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று இருக்கிறது. நம் மருத்துவமனைச் சுவர்களிலும் விழிப்புணர்வுப் பேச்சுகளிலும் அந்த இரண்டாவது பாதி காதில் விழுவதே அபூர்வம்.

சரி, இதற்கு ஜிம்தான் வேண்டுமா? தண்டாலும் பஸ்கியும் வீட்டிலேயே எடுக்கலாமே? எடுக்கலாம். இருபத்தைந்து வயது இளைஞனுக்கு அது போதும். எழுபத்தைந்து கிலோ எடையும் முழங்கால் வலியும் உள்ள ஒரு பெண்மணியை நினைத்துப் பாருங்கள். அவர் பஸ்கி எடுத்தால் முதல் நாளே ஏறத்தாழ முழு உடம்பையும் தூக்க வேண்டியிருக்கும். தண்டாலுக்கு அவர் முதலில் தரையில் இறங்கவே வேண்டும். ஜிம்மில் உள்ள லெக் பிரெஸ் எந்திரத்தில் இருபது கிலோவில் தொடங்கலாம். உட்கார்ந்துகொண்டே, முதுகுக்குச் சாய்மானத்தோடு, வலிக்காத கோணம் வரை மட்டும் காலை மடக்கி நீட்டலாம். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். ஜிம் எந்திரம் என்றாலே உடம்பைவிடக் கனமானதைத் தூக்குவது என்று நினைக்கிறோம். உடம்பைவிட லேசான பளுவில் தொடங்க வழிசெய்வதுதான் பலவீனமானவர்களுக்கு அதனால் கிடைக்கும் பெரிய உதவி. இந்த ஏற்றத்தை அளந்து கூட்டிக்கொண்டே போகிற வசதி வீட்டில் அமைவது கடினம், பூங்காவிலும் அப்படித்தான்.

சொல்லப்போனால் அந்த எந்திரங்கள் பிறந்ததே நோயாளிகளுக்காக. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் குஸ்தாவ் சாண்டர் 1865-ல் ஸ்டாக்ஹோமில் ஒரு நிலையம் திறந்தார். நெம்புகோலும் எடைக்கல்லும் வைத்து, ஒவ்வொருவரின் சக்திக்கேற்ப பளுவைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற எந்திரங்களை அவரே வடிவமைத்தார். மூட்டு இறுகிப்போனவர்கள், நாள் முழுக்க மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், பெண்கள், குழந்தைகள் என்று பலரும் அங்கே பயிற்சி எடுத்தார்கள். இன்றைய ஜிம் எந்திரங்களின் முன்னோடி ஒரு மருத்துவக் கூடத்தில்தான் இருந்தது.

நம் பக்கத்துக்கு ஜிம் வந்த வழி வேறு. கர்லாக்கட்டை சுற்றும் தாலிம்கானாக்களும் மல்யுத்தக் களரிகளும் இங்கே முன்பே இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூஜின் சாண்டோ என்ற பலசாலி இந்தியாவைச் சுற்றி வந்து உடல் வலிமையைக் காட்டினார். அவர் பெயரின் செல்வாக்கு எவ்வளவு என்றால், பிற்காலத்தில் படத் தயாரிப்பாளராகப் புகழ்பெற்ற சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் சாண்டோ என்ற அடைமொழி கடைசி வரை நின்றது. 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவிலேயே முதலாவது என்று பெயர் பெற்றது. அது உருவாக்கிய பி.டி. மாஸ்டர்கள் பள்ளிகளுக்குப் போனார்கள். தெருமுனை தேகப்பயிற்சி சாலைகளோ ஆணழகன் போட்டியை நோக்கி நகர்ந்தன. எண்பதுகளில் சுவரில் அர்னால்டின் படம் வந்தது, அப்புறம் சிக்ஸ் பேக் நாயகர்கள் வந்தார்கள். எல்லாமே இளைஞர்களின், அதுவும் ஆண்களின் உலகம். அந்தச் சாலைகள் செய்த நல்லதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சாதாரணக் குடும்பத்துப் பையன்கள் எத்தனையோ பேருக்கு ஒழுங்கையும் நல்ல நட்பையும் சில நேரங்களில் போலீஸ் வேலையையும் தந்த இடங்கள் அவை. ஆனால் சுகருக்கு மாத்திரை போடும் ஐம்பது வயது மனிதர் அந்த வாசலைப் பார்த்ததும், இது நமக்கான இடம் இல்லை என்று திரும்பிப் போய்விடுகிறார்.

இன்றைய கண்ணாடி வைத்த, ஏ.சி. போட்ட ஜிம்களில் அவருக்கு இடம் இருக்கிறதா? கதவு திறந்துதான் இருக்கிறது. அதன் வியாபார முறைதான் அவருக்கு எதிராக நிற்கிறது. ஜனவரியில் வருகிற ஆஃபர்களைப் பாருங்கள். மாதாமாதம் கட்டினால் ஒரு ரேட், ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பாதிக்குப் பாதி. பணத்தைக் கட்டிவிட்டால் கட்டாயம் போவோம் என்று நாமும் நம்புகிறோம். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் ஏழாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் வருகைப் பதிவை ஆராய்ந்து 2006-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் வந்திருந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்ததாகிறது. அதே ஜிம்மில் பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்குப் பத்து டாலர்தான். வருங்காலத்தில் நாம் எவ்வளவு ஒழுங்காக இருப்போம் என்பதைப் பற்றி நமக்கு இருக்கும் அதீத நம்பிக்கைக்குத்தான் அந்தக் கூடுதல் பணம் போகிறது.

ஜிம்காரர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வாடகை, கரண்டு பில், எந்திரத்துக்கு வாங்கிய கடனின் தவணை என்று செலவு முன்னால் வந்து நிற்கிறது. மொத்தப் பணம் கையில் வந்தால்தான் அவர்களுக்கு மூச்சு விட முடியும். ஆனாலும் உண்மை உண்மைதான். பணம் கட்டிய எல்லோரும் தினமும் வந்தால் நிற்க இடமிருக்காது என்ற கணக்கில் ஓடும் ஜிம்முக்கு, மூன்றாவது வாரம் காணாமல் போனவரைத் தேடிப் பிடிக்க எந்த அவசரமும் இல்லை. காணாமல் போகிறவர் பெரும்பாலும் யார்? தசை ஏற்கெனவே பழகிய இளைஞன் அல்ல. முதல் வார உடம்பு வலியில் பயந்துபோன நடுத்தர வயதுக்காரர்.

அவரைத் தொடர்ந்து வர வைப்பது எப்படி என்று கேட்டால், அதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. கேத்தி மில்க்மன் தலைமையில் பல பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து அமெரிக்காவின் ஒரு பெரிய ஜிம் சங்கிலியில் 61,293 உறுப்பினர்களிடம் 54 வகையான உத்திகளைச் சோதித்து 2021-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். குறுஞ்செய்தி நினைவூட்டல், பரிசுப் புள்ளிகள், திட்டமிட உதவி என்று எத்தனையோ வகை. நான்கு வாரத்துக்கு ஏறக்குறையப் பாதி உத்திகள் வேலை செய்தன. அந்த நான்கு வாரம் முடிந்த பிறகும் தாக்கம் தொடர்ந்தவை வெறும் 8 சதவீதம். எல்லாவற்றிலும் முன்னால் வந்த உத்தி, ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடி வருகிறவருக்குச் சில காசு மதிப்புள்ள புள்ளிகளைத் தருவது. ஒரு நாள் தவறுவது யாருக்கும் நடக்கும். அடுத்த நாளும் வராமல் இருப்பதில்தான் பழக்கம் உடைகிறது. அந்த இடத்தில் ஒரு சின்னக் கை நீட்டினால்கூடப் பலன் இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊரின் சின்ன ஜிம்கள்தான் நினைவுக்கு வந்தன. மாடியில் தகரக் கூரை, ஓடாத ஒரு டிரெட்மில், துருப்பிடித்த பிளேட்டுகள், ஒரே ஒரு மாஸ்டர். இரண்டு நாள் போகவில்லை என்றால் மாஸ்டர் டீக்கடையில் பார்த்து, "என்னண்ணே, ஆளையே காணோம்? நாளைக்கு வந்துடுங்க" என்பார். பெரிய ஜிம்களின் செயலி அனுப்பும் நோட்டிஃபிகேஷனால் அந்தக் கேள்விக்கு ஈடுகொடுக்க முடியாது. வசதி குறைந்த ஜிம்மானாலும் பெயர் சொல்லிக் கூப்பிடும் மாஸ்டர் இருக்கிற இடத்தையே நான் பரிந்துரைப்பேன். அவர் எடை ஏற்றத் தெரிந்தவராகவும், அவசரப்படாதவராகவும் இருந்தால் போதும்.

தெரிந்தவரா என்பதில்தான் கவனம் வேண்டும். மருத்துவருக்கும் செவிலியருக்கும் இருப்பதுபோல ஜிம் டிரெயினரைப் பதிவு செய்து கண்காணிக்கும் கவுன்சில் நம் நாட்டில் இல்லை. சான்றிதழ் படிப்புகள் இருக்கின்றன, நன்றாகப் படித்துத் தேர்ந்தவர்களும் நிறைய இருக்கிறார்கள், ஆனால் படிக்காமலும் ஒருவர் மாஸ்டராக நிற்க முடியும். சம்பளம் குறைவு என்பதால் பவுடர் விற்றுக் கிடைக்கும் கமிஷனை நம்பியிருக்கும் டிரெயினர்களும் உண்டு. இந்தியாவில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து, கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் சிரியாக் ஆபி ஃபிலிப்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 70 சதவீதம் பவுடர்களில் லேபிளில் போட்ட புரத அளவு சரியில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. சுகரோ சிறுநீரகப் பிரச்சினையோ உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் அந்த டப்பாவைத் தொடவே கூடாது. முட்டை, மீன், சுண்டல், பருப்பு, தயிர் இவற்றை ஒழுங்காகச் சாப்பிட்டாலே தொடங்குகிறவருக்குப் போதுமான புரதம் கிடைத்துவிடும். ஊசி போட்டு உடம்பு ஏற்றும் வழியைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் அந்த ஜிம்மிலிருந்து உடனே வெளியே வந்துவிடுங்கள்.

பயம் இன்னொரு தடை. 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் இறந்தபோது, அவர் அன்று காலை ஜிம்மில் பயிற்சி செய்தார் என்ற செய்தி ஊரெல்லாம் பரவியது. பெங்களூர் மருத்துவமனைகளில் இதயப் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. ஜிம்முக்குப் போனால் ஹார்ட் அட்டாக் வரும் என்ற பேச்சு அன்றிலிருந்து அடங்கவே இல்லை. 1993-ல் அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 1,228 பேரைப் பற்றிய ஆய்வு இந்தப் பயத்தைச் சரியான அளவில் பார்க்க உதவும். கடுமையாக உழைத்த உடனேயான ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் கூடுவது உண்மைதான். உடலுழைப்பே இல்லாதவர்களுக்கு அது நூறு மடங்குக்கு மேல் ஏறியது. வாரம் ஐந்து நாளாவது உழைத்துப் பழகியவர்களுக்கு 2.4 மடங்கு மட்டுமே. அந்த ஒரு மணி நேரம் போக மீதி நேரமெல்லாம் பழகியவரின் இதயமே பாதுகாப்பாக இருக்கிறது. ஆக, பழகாத உடம்பைத் திடீரென்று விரட்டுவதில்தான் பெரிய ஆபத்து. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது சேர்ந்து, பத்துக் கிலோ குறைக்க நினைத்து, முதல் நாளே டிரெட்மில்லில் ஓடுவது போன்ற காரியங்கள் வேண்டாம். நாற்பதைத் தாண்டியவர்கள், சுகர், பிரஷர், புகைப் பழக்கம் உள்ளவர்கள், குடும்பத்தில் சின்ன வயதில் மாரடைப்பு வந்தவர் இருப்பவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. நடுவில் நெஞ்சு இறுக்கமோ, தலைசுற்றலோ, இயல்புக்கு மீறிய மூச்சுத் திணறலோ வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். "கேஸ் டிரபுள்தான்" என்று சொல்லிச் சமாளிக்கிற பழக்கம் பல உயிர்களைக் குடித்திருக்கிறது.

பெண்களுக்கு வருவோம். பல ஊர்களில் லேடீஸ் டைமிங் என்று ஒன்று இருக்கிறது. ஆண்கள் காலையிலும் மாலையிலும் வந்துபோனது போக மிச்சமிருக்கும் நேரம் அவர்களுக்கு. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த நேரத்தால் எந்தப் பயனும் இல்லை. என்ன உடுத்துவது, யார் பார்ப்பார்கள், கண்ணாடிக்கு முன்னால் எப்படி நிற்பது, காலைச் சமையலை யார் பார்ப்பது என்று தயக்கங்கள் வரிசை கட்டுகின்றன. ஜப்பானில் இதற்கு ஒரு நல்ல விடை கண்டார்கள். கர்வ்ஸ் என்ற, அமெரிக்காவில் தொடங்கிய மகளிர் ஜிம் 2005-ல் அங்கே போனது. ஆண்கள் இல்லை, கண்ணாடி இல்லை, ஒப்பனை தேவையில்லை என்பது அவர்கள் கொள்கை. முப்பது நிமிடத்தில் வட்டமாக அடுக்கிய எந்திரங்களை ஒரு சுற்று முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இன்று அந்த நாட்டில் ஏறத்தாழ 2,000 கிளைகள், குடியிருப்புகளுக்குப் பக்கத்திலேயே. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். நம் ஊரில் சேலையோடும் சுடிதாரோடும் நடந்துபோகிற தூரத்தில், கண்ணாடி இல்லாத, அரை மணி நேரத்தில் முடிகிற இப்படி ஒரு இடம் இருந்தால் எத்தனை அம்மாக்கள் வருவார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் எத்தனையோ தொழில்களை நடத்துகின்றன. இதையும் நடத்தலாம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கிராமங்களில் 500 அம்மா பூங்காக்களும் உடற்பயிற்சிக் கூடங்களும் அமைக்கும் அறிவிப்பு 2016-ல் வந்தது. கட்டிய இடங்களில் பல, பயிற்சியாளரும் பராமரிப்பும் இல்லாமல் பூட்டிக் கிடப்பதாகப் பிறகு செய்திகள் வந்தன. எந்திரம் வாங்குவது ஒரு நாள் செலவு, மாஸ்டருக்குச் சம்பளம் மாதாமாதச் செலவு என்பதை நம் திட்டங்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றன. மாநகராட்சிப் பூங்காக்களில் வண்ணம் பூசிய திறந்தவெளிக் கருவிகள் இருக்கின்றன. அவை கை காலை அசைக்க வைக்கும், குழந்தைகளுக்கும் பிடிக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் பளுவைக் கூட்ட வழியில்லை. 2023 நவம்பரில் எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் 'நடப்போம் நலம் பெறுவோம்' பாதைகள் தொடங்கப்பட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் வருமானம் குறைவாக இருப்பதால் ஜி.எஸ்.டி. வரம்புக்குள்ளேயே வராத தெருமுனை ஜிம்மில் சேர்கிறவருக்கு அதனால் பெரிய வித்தியாசம் வராது.

சிங்கப்பூரில் நம்மவர்கள் பலர் பயன்படுத்தும் ஆக்டிவ்எஸ்ஜி ஜிம்கள் அரசு நடத்துபவை. 2014-ல் அத்திட்டம் தொடங்கியபோது, சேர்ந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மதிப்புள்ள கணக்கைத் தந்து, முதலில் உள்ளே வந்து பாருங்கள் என்று அழைத்தார்கள். ஒரு வருகைக்கு இவ்வளவு என்று கட்டணம், வருஷச் சந்தா கட்டாயமில்லை. வந்தால் மட்டும் காசு என்ற அந்த முறையில் வராதவரின் பணத்தை நம்பி ஜிம் நடக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் 1990-களிலிருந்தே குடும்ப மருத்துவர் நோயாளியை உள்ளூர் ஜிம்முக்கு எழுதி அனுப்பும் முறை இருக்கிறது. நம்மிடமும் அதற்கான பாதிப் பாதை போட்டாகிவிட்டது. 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு வீடாகப் போய்ச் சுகரும் பிரஷரும் பார்த்து மாத்திரை தருகிறது, இயன்முறை சிகிச்சையும் அதில் அடக்கம். சுகர் உள்ளவர் யார், எந்தத் தெருவில் இருக்கிறார் என்ற விவரம் கையில் இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் உடற்பயிற்சிக் கூடத்தைத் திறந்து, பயிற்சி பெற்ற ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து, மாத்திரைச் சீட்டோடு வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சியையும் எழுதித் தர எது தடுக்கிறது? எனக்குத் தெரிந்து, ஜிம் என்றால் உடம்பு காட்டுகிறவர்களுக்கு என்ற பழைய எண்ணம்தான்.

அதுவரை தனியாகத் தொடங்க நினைப்பவருக்குச் சில நடைமுறை விஷயங்கள். வீட்டிலிருந்தோ வேலையிடத்திலிருந்தோ மிகப் பக்கத்தில் உள்ள ஜிம்மைத் தேர்ந்தெடுங்கள். வருஷ ஆஃபர் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள். சேரும்போதே சுகர், பிரஷர், முழங்கால், முதுகு எல்லாவற்றையும் மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். கேட்டுக் குறித்துக்கொள்கிறாரா என்று பாருங்கள், அதிலேயே ஆளின் தரம் தெரிந்துவிடும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பளு, மற்ற நாட்களில் வழக்கமான நடை. கால், மார்பு, முதுகு, தோள், வயிறு என்று பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பயிற்சி இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு தடவை தூக்கியபின் இன்னும் இரண்டு மூன்று தடவை தூக்கலாம் என்று தோன்றும் எடைதான் தொடக்கத்துக்குச் சரி. தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள், பிரஷர் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சுகரால் கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால் கண் மருத்துவரைக் கேட்காமல் கனமான எடை வேண்டாம். இன்சுலின் போடுபவர்களும், சுகரை வேகமாக இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் போகக் கூடாது, பையில் குளுக்கோஸோ இரண்டு மிட்டாயோ இருக்கட்டும். கால் மரத்துப்போகிறவர்கள் ஷூ போட்டே பயிற்சி செய்து, வீட்டுக்கு வந்ததும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். சேர்வதற்கு முன் ஒரு எச்.பி.ஏ.1சி. பரிசோதனை எடுத்து வையுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் மருத்துவரிடம் காட்டி, மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். நீங்களாகவே குறைத்துவிடாதீர்கள்.